உங்களுக்குத் தெரியுமா? – வயல்வெளியில் போலீஸ்!

நகரத்தில் திருடினால் கேமரா காட்டிக்கொடுக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி சொல்வார். ஆள் அரவமில்லாத மலையடிவாரத்தில் பறவைக்கு விஷம் வைத்தாலோ, நள்ளிரவில் வயலைத் தோண்டிப் புதையல் எடுத்தாலோ யார் சாட்சி? பிரிட்டன் போலீசார் இந்தத் தலைவலியோடு பல ஆண்டுகளாக மல்லுக்கட்டுகிறார்கள். அவர்களுக்குக் கைகொடுத்த சாட்சிகள் சில: ஓர் இறகு, ஒரு கரையான் தடம், கைபேசியில் அழித்த ஒரு படம்.

★ காட்டுயிர்க் குற்றங்களுக்கென்றே பிரிட்டனில் ஒரு தேசியப் பிரிவு 2006 முதல் இயங்குகிறது. அது முன்னுரிமை கொடுக்கும் பட்டியலில் கழுகும் வல்லூறும் இருப்பதில் வியப்பில்லை. வௌவாலும் ஆற்றுச் சிப்பியும் கூட இருக்கின்றன! நூறு ஆண்டுக்கு மேல் வாழக்கூடிய நன்னீர் முத்துச்சிப்பியை எடுப்பது 1998 முதல் முழுக்கக் குற்றம். பெரும்பாலான சிப்பிகளில் முத்து இருக்காது. ஆனால், இருக்கிறதா என்று பிளந்து பார்த்தாலே சிப்பி செத்துவிடும். ஆற்றங்கரையில் கிடக்கும் வெற்று ஓடுகளின் குவியல்தான் போலீசாருக்கு முதல் தடயம்.

★ 2010 மே மாதம், பர்மிங்ஹாம் விமான நிலையம். துபாய்க்குப் போகவிருந்த பயணி ஒருவர் ஓய்வறையின் குளியலறைக்குள் போய் வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். துப்புரவுப் பணியாளர் உள்ளே போய்ப் பார்த்தால் தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சந்தேகப்பட்டு அவர் சொல்ல, பயங்கரவாதத் தடுப்புப் போலீசார் வந்து சோதித்தார்கள். பயணியின் உடம்போடு சேர்த்துக் கட்டிய காலுறைகளுக்குள் 14 முட்டைகள்! முதுகுவலிக்காகக் கட்டியிருக்கிறேன் என்று அவர் கதை சொன்னார். அத்தனையும் வேல்ஸ் பாறை இடுக்குகளில் களவாடிய பெரிக்ரைன் வல்லூறு முட்டைகள். உடல் சூட்டில் அடைகாத்தபடியே கடத்தப் பார்த்திருக்கிறார். பல முட்டைகள் பிறகு பொரிந்தன. குஞ்சுகள் காட்டுக்கே திரும்பின. ஆசாமி சிறைக்குப் போனார்.

★ "இது கூட்டில் எடுத்த குஞ்சு இல்லை, என் பண்ணையில் நான் வளர்த்த ஜோடிக்குப் பிறந்தது" என்பதுதான் வல்லூறு திருடர்களின் வழக்கமான வாதம். ஸ்காட்லாந்து போலீசார் அதை டி.என்.ஏ. சோதனையால் உடைத்தார்கள். பண்ணையில் இருந்த பறவைகளையும் விற்ற குஞ்சுகளையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், அந்த 'அப்பா அம்மா'வுக்கும் குஞ்சுகளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை! மத்தியக் கிழக்குச் சந்தைக்குக் குஞ்சுகளை விற்றுவந்த தந்தையும் மகனும் 2024-ல் குற்றவாளிகளாயினர்.

★ விற்பதற்காக அல்ல, பெட்டியில் அடுக்கி வைத்து அழகு பார்ப்பதற்காகவே பறவை முட்டை திருடுகிறவர்கள் அங்கே உண்டு. பெரும்பாலான காட்டுப் பறவைகளின் முட்டைகளை எடுப்பதை 1954-லேயே தடை செய்தார்கள். ஆசை அடங்கவில்லை. கூடு கட்டும் பருவத்தில் இந்த ஆட்களைக் கண்காணிக்க 1997-ல் 'ஆபரேஷன் ஈஸ்டர்' தொடங்கியது. வெறும் அபராதத்தோடு தப்பியவர்களைச் சிறைக்கு அனுப்ப வழி பிறந்தது 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான்.

★ இறகில் கைரேகை பதியுமா? பதியும். ஒளிரும் பொடியைத் தூவி இரைகொல்லிப் பறவைகளின் இறகிலிருந்து ரேகை எடுக்க முடியும் என்று ஸ்காட்லாந்தின் அபர்டே பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். யானைத் தந்தம் நுண்துளைகள் கொண்டது. சாதாரணப் பொடிக்கு அதில் ரேகை சரியாகத் தெரியாது. லண்டன் மாநகரப் போலீசும் கிங்ஸ் கல்லூரியும் சேர்ந்து இன்னும் நுண்ணிய பொடியைச் சோதித்தார்கள். தொட்டு 28 நாள் ஆன பிறகும் தந்தத்தில் ரேகை கிடைத்தது.

★ அறுவடை முடிந்து வயல் வெறுமையானதும் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதி விவசாயிகளுக்குத் தூக்கம் போய்விடும். காட்டுமுயலைத் துரத்த நாய்களை அவிழ்த்துவிட்டுப் பந்தயம் கட்டும் கும்பல்கள் ஜீப்பில் வந்து இறங்கும் காலம் அது. ஓட்டத்தைக் கைபேசியில் நேரலையாகக் காட்டி, எங்கோ இருப்பவர்களிடமும் பந்தயப் பணம் வசூலிப்பார்கள். தட்டிக்கேட்கும் விவசாயிக்கு அடி விழும். வேலி, பயிர், வாய்க்கால் எல்லாம் நாசம். இதற்கு எதிராக லிங்கன்ஷயர் போலீசார் நடத்தும் வேட்டைதான் 'ஆபரேஷன் கலிலியோ'. 2004-லேயே தடை வந்தாலும், அபராதத்தைக் கட்டிவிட்டு மறுவாரமே திரும்பிவந்தார்கள். 2022-ல் சட்டம் இறுகியது: ஆறு மாதம் வரை சிறை, வரம்பில்லாத அபராதம். அவர்களுக்கு உயிரான நாயையே பறிமுதல் செய்து, அதைப் பராமரிக்கும் செலவையும் அவர்கள் தலையிலேயே கட்டலாம். இனி நாய் வளர்க்கக் கூடாது என்றும் நீதிமன்றம் உத்தரவிடலாம்.

★ திருட்டு வேட்டைக்காரர்கள் மீது பாயும் சட்டங்களில் ஒன்று, 1828-ல் இயற்றிய இரவு வேட்டைத் தடைச் சட்டம். பிரிட்டனில் ரயில் ஓடத் தொடங்கிய காலத்துச் சட்டம்! ரத்து செய்யவில்லை, 2022-ல் தண்டனையை மட்டும் கூட்டி இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

★ கம்ப்ரியா மலைப்பகுதியில் ஆடு திருட்டுத் தாங்காத பண்ணைக்காரர் ஒருவர், தம் மந்தை முழுவதற்கும் பளீரென்ற ஆரஞ்சு வண்ணம் பூசிவிட்டார். மலைக்கு மலை தெரியும் ஆட்டை எவன் ஓட்டிப்போவான்? சற்று நவீனமான வழியும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத நுண்புள்ளிகளை ரோமத்தில் தெளித்துவிடுவார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் பண்ணையின் அடையாள எண் இருக்கும். காதில் குத்திய அடையாள வில்லையைத் திருடன் பிடுங்கிவிடலாம். ஆயிரக்கணக்கான புள்ளிகளை எங்கே போய்ப் பொறுக்குவது?

★ டிராக்டர் திருடுவதைவிட டிராக்டரின் தலையிலிருக்கும் ஜி.பி.எஸ். கருவியைத் திருடுவது லாபம். கையடக்கம், ஆயிரக்கணக்கான பவுண்டு விலை, வெளிநாட்டிலும் கிராக்கி. அது போய்விட்டால் விதைப்பு நாளில் டிராக்டர் சும்மா நிற்கும். இரவில் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள், பின் எண் போட்டுப் பூட்டுங்கள் என்பது போலீசார் சொல்லும் புத்தி. பண்ணைகளில் ஓடும் நாற்சக்கர பைக்குகளில் திருட்டுத் தடுப்புக் கருவியும் ரகசிய அடையாளமும் பொருத்தியே விற்க வேண்டும் என்பதற்காக 2023-ல் தனிச் சட்டமே நிறைவேறியது.

★ வௌவால் வீட்டில் இல்லாத நேரத்திலும் அதன் வீட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பழைய கட்டடத்தை இடிக்குமுன் வௌவால் தங்கும் பொந்து இருக்கிறதா என்று ஆய்வு செய்து, உரிமம் வாங்க வேண்டும். லண்டனில் அதைச் செய்யாமல் இடித்த ஒரு பெரிய கட்டுமான நிறுவனத்துக்கு 2020-ல் விழுந்த அபராதம் 6,00,000 பவுண்டு!

★ 2017-ல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஹாங்காங் போகவிருந்த குளிர்பதன மீன் சரக்கைத் தூக்கிப் பார்த்தார்கள். அடியில் உயிரோடு நெளிந்தன சுமார் 200 கிலோ விலாங்குக் குஞ்சுகள். கண்ணாடிபோல் உடல் தெரியும் பருவத்துக் குஞ்சுகள் அவை. ஐரோப்பிய விலாங்கு அழிவின் விளிம்பில் இருப்பதால் ஐரோப்பாவுக்கு வெளியே அனுப்பத் தடை. கிளறியபோது தெரிந்தது: இரண்டே ஆண்டில் அந்தச் சரக்கை அனுப்பிய வியாபாரி கடத்தியது 53 லட்சம் குஞ்சுகள், மதிப்பு 5.3 கோடி பவுண்டு. குஞ்சுகளைச் சேர்த்துவைத்த இடம், குளோஸ்டர்ஷயர் கிராமத்தில் ஒரு பண்ணைக் கொட்டகை.

★ கிராமத்துப் பழைய தேவாலயங்களின் கூரையில் வேய்ந்திருப்பது ஈயத்தகடு. பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டால் நல்ல காசு. ஒரே இரவில் கூரையை உரித்துக்கொண்டு போவார்கள். மறுநாள் மழையில் சில நூற்றாண்டுப் பழைய மரவேலையும் ஓவியமும் நனைந்து பாழாகும். இதற்கு இரண்டு முட்டுக்கட்டைகள். ஒன்று, புற ஊதா ஒளியில் மட்டும் மின்னும் அடையாளத் திரவம். தகட்டில் தடவியது திருடனின் கையிலும் சட்டையிலும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பழைய உலோகத்துக்கு ரொக்கப் பணம் கொடுக்க 2012 முதல் தடை. பணம் வங்கி வழியாகத்தான் போகும். வங்கியில் பெயர் இருக்கும்.

★ இரவில் மெட்டல் டிடெக்டரோடு வயலுக்குள் நுழைந்து பழம்பொருள் தோண்டுபவர்களுக்கு அங்கே வழங்கும் பெயர் 'நைட்ஹாக்'. பகலில் தோண்டிய இருவரின் கதை இன்னும் சுவையானது. 2015-ல் ஹெர்ஃபோர்ட்ஷயரில் அவர்களுக்குக் கிடைத்தது வைக்கிங் காலப் புதையல்: தங்க மோதிரம், பளிங்கு உருண்டைப் பதக்கம், சுமார் 300 காசுகள். சட்டப்படி 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். அவர்களோ ரகசியமாக விற்றார்கள். கைபேசியில் அழித்துவிட்ட படங்களைப் போலீசார் மீட்டபோது, மண் ஒட்டிய குவியல் முழுசாகத் தெரிந்தது. 2019-ல் ஒருவருக்கு 10 ஆண்டு, மற்றவருக்கு எட்டரை ஆண்டு. மேல்முறையீட்டில் பிறகு குறைந்தது. மீண்டவை நகைகளும் சுமார் 30 காசுகளும்தான்.

★ இதற்கு நேர் எதிர், 1992-ல் சஃபோக் மாவட்டம் ஹாக்ஸன் கிராமத்தில் எரிக் லாஸ் செய்தது. நண்பரின் தொலைந்த சுத்தியலைத் தேடப் போனவருக்கு ரோமானியர் காலத்துத் தங்கம், வெள்ளிக் காசுகள் ஏறத்தாழ 15,000 தட்டுப்பட்டன. உடனே தகவல் சொல்லிவிட்டார். வெகுமதி 17.5 லட்சம் பவுண்டு. அதை அந்த நண்பரோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில்!

★ அருங்காட்சியகத் திருடர்கள் எல்லாரும் சினிமாவில் வருவதுபோல் கெட்டிக்காரர்கள் அல்லர். 2011-ல் டிரிங் ஊர் அருங்காட்சியகத்தில் காண்டாமிருகக் கொம்புகளைப் பெயர்த்துக்கொண்டு ஓடினார்கள். எல்லாம் போலி, அசலை அருங்காட்சியகத்தார் முன்பே எடுத்து மறைத்துவிட்டிருந்தார்கள். 2012-ல் டர்ஹாமில் சுவரைத் துளைத்துச் சீனப் பச்சைக்கல் கிண்ணத்தையும் பீங்கான் சிலையையும் எடுத்த திருடர்கள், அவற்றை ஒரு பொட்டல் காட்டில் ஒளித்தார்கள். திரும்பிப் போனபோது எங்கே வைத்தோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. போலீசார்தான் கண்டெடுத்தார்கள்.

★ 2023 செப்டம்பர் இறுதியில், ஹேட்ரியன் சுவர் என்ற ரோமானியர் காலச் சுவரின் ஓரம் நின்ற புகழ்பெற்ற சிகமோர் மரத்தை இரவோடு இரவாக அறுத்துச் சாய்த்தார்கள். புயல் இரவு, பார்த்தவர் யாருமில்லை. ஆனால் அறுத்தவர்களே அதைக் கைபேசியில் 2 நிமிடம் 41 வினாடி படம் பிடித்திருந்தார்கள். எந்த இடத்தில் எடுத்தது என்பது அந்தக் கோப்பிலேயே பதிந்திருந்தது! மரத்தின் மதிப்பு 6,22,191 பவுண்டு என்று குற்றப்பத்திரிகையில் கணக்கிட்டார்கள். அது விழுந்ததில் ரோமானியச் சுவருக்கு நேர்ந்த சேதம் 1,144 பவுண்டு. 2025 ஜூலையில் இருவருக்கும் தலா 4 ஆண்டு 3 மாதம் சிறை.

★ லண்டன் போலீசாருக்கும் தஞ்சைத் தரணிக்கும் பழைய தொடர்பு உண்டு. 1976-ல் பத்தூரில் இடிந்த சிவன் கோயில் இருந்த இடத்தில் மண்ணுக்குள் கிடைத்த நடராஜர், கைமாறிக் கைமாறி லண்டன் போனார். பராமரிப்புக்காகப் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தபோது, 1982-ல் மாநகரப் போலீசார் கைப்பற்றினர். வாங்கிய கனடா நிறுவனம் வழக்குப் போட்டது. இந்தச் சிலை பத்தூர் மண்ணில்தான் கிடந்தது என்பதை எப்படி நிரூபிப்பது? அதே இடத்தில் கிடைத்த மற்றச் செப்புத் திருமேனிகளின் உலோகத்தோடும், ஒட்டிய மண்ணோடும், கரையான் தடத்தோடும் ஒப்பிட்டார்கள். ஒத்துப்போயின. இடிந்துகிடந்த கோயிலும் வழக்காடலாம் என்பதை 1991-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. நடராஜர் தமிழ்நாடு திரும்பினார்.

★ 1978-ல் அனந்தமங்கலம் ராஜகோபால சுவாமி கோயிலில் திருடுபோன ராமர், சீதை, லட்சுமணர் 2020-ல் லண்டனிலிருந்து மீண்டதற்குக் காரணம், 1958-ல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் எடுத்துவைத்த புகைப்படங்கள். உங்கள் ஊர்க் கோயில் சிலைகளை யாராவது தெளிவாகப் படம் எடுத்து வைத்திருக்கிறார்களா?

★ பூவுக்குப் போலீஸ் காவல்! லேடிஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட் என்ற மஞ்சள் பூச்செடி, ஆசைப்பட்டுப் பிடுங்கியவர்களால் இங்கிலாந்துக் காட்டில் ஒரு காலத்தில் ஒற்றைச் செடியாகச் சுருங்கிப்போனது. லங்காஷயரில் கோல்ஃப் மைதானத்தில் பூக்கும் செடி ஒன்றுக்கு 2010-ல் போலீசார் ரோந்து வந்தார்கள்.

★ பிரிட்டன் கிராமப் பக்கம் நடக்கப் போகிறீர்களா? செத்த பருந்தோ, பக்கத்தில் இறைச்சித் துண்டோ கிடந்தால் தொடாதீர்கள். 2001-ல் தடை செய்த கார்போஃபியூரான் போன்ற பூச்சிமருந்தை இறைச்சியில் கலந்து வைக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. தொட்ட கைக்கும் ஆபத்து, மோந்த நாய்க்கும் ஆபத்து. பொறி கண்ணில் பட்டால் உடைக்காதீர்கள். அது அனுமதி பெற்ற பொறியானால் குற்றவாளி நீங்கள், திருட்டுப் பொறியானால் அழிந்தது சாட்சி. படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், 101-ஐ அழையுங்கள். குற்றம் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தால் 999.