மாட்டு டாக்டர் ஏன் வீட்டுக்கு வர வேண்டும்?

ஆண்டு மலருக்குக் கட்டுரை என்றால் எல்லாரும் கம்ப்யூட்டர், ரோபோ என்றுதான் எழுதுவீர்கள். நான் மாட்டு டாக்டரைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. மயிலாப்பூரில் ஒரு சந்தில் எங்கப்பா மூன்று பசுமாடு வைத்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்த என்னுடைய ஃபீஸ் அந்தப் பாலில்தான் வருகிறது.

நாய்க்குட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆட்டோவில் கொண்டு போகலாம். நானூறு கிலோ மாடு படுத்துவிட்டால்? 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இன்று வேப்பேரியில் இருக்கிறது, வாஸ்தவம்தான். எழுந்து நிற்காத மாட்டை அங்கே எப்படிக் கொண்டு போவது? டாக்டர்தான் வர வேண்டும். அதற்காகத்தான் 2024 ஆகஸ்டில் தமிழக அரசு 245 நடமாடும் மருத்துவ வண்டிகளை விட்டது. கூப்பிட வேண்டிய எண் 1962. மத்திய அரசுத் திட்டத்தின் கணக்கு, ஒரு லட்சம் கால்நடைக்கு ஒரு வண்டி. ஒரு நாளைக்கு எத்தனை மாடு பார்க்க முடியும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்!

எங்கள் சந்தில் வேன் நுழையாது. டூ-வீலரில் வரும் தனியார் டாக்டர்தான் எங்களுக்குக் கதி. அவர் தொழிலில் பாதி போனிலேயே நடக்கிறது. "எப்போ கன்னு போட்டுது? சாணி போட்டுதா? காது ஜில்லுனு இருக்கா?" பதிலை வைத்துத்தான் எந்த மருந்தை எடுப்பது, அடையாறா தி.நகரா, எங்கே முதலில் போவது என்று முடிவு செய்கிறார்.

போன மார்கழியில் லட்சுமி மூன்றாவது ஈத்து கன்று போட்ட மறுநாள் படுத்துவிட்டது. கழுத்தை வயிற்றுப் பக்கம் மடித்துக்கொண்டு, காது ஜில்லென்று கிடந்தது. இதற்குப் பால் ஜுரம் என்று பெயர். பெயரில்தான் ஜுரம், உடம்பில் சூடு குறைந்துவிடும்! சீம்பாலுக்காக ரத்தத்திலுள்ள கால்சியம் மளமளவென்று மடிக்கு இறங்குகிறது. எலும்பிலிருந்து ஈடுகட்டச் சில நாள் ஆகும். அதற்குள் தசை வேலை செய்யாமல் போகிறது. பல மணி நேரம் ஒரே பக்கம் கிடந்தால், உடம்பு பாரத்திலேயே அடிக்கால் செத்துப்போகும். பிறகு கால்சியம் ஏற்றியும் எழுந்திருக்காது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா கஷாயம் கொண்டு வந்தார். நான் தடுத்துவிட்டேன். இரண்டு வருஷம் முன்னால் இதே மாதிரி படுத்த மாட்டுக்கு நாங்கள் ஊற்றினோம். விழுங்க முடியாத மாட்டுக்கு அது நுரையீரலுக்குப் போகும் என்று அப்போது தெரியாது. அந்த மாடு பிழைக்கவில்லை. இந்தத் தடவை லட்சுமி பக்கவாட்டில் சாயாமல் நெஞ்சு தரையில் படும்படி சாக்குமூட்டை அண்டக் கொடுத்தோம். மல்லாந்து சாய்ந்தால் வயிற்றில் காற்று அடைத்துக்கொள்ளும்.

டாக்டர் பாட்டிலை வெதுவெதுப்பாக்கி, கழுத்து நரம்பில் ஊசி ஏற்றி, பாட்டிலை என் கையில் கொடுத்தார். காதில் ஸ்டெதாஸ்கோப், கண் என் மேல். "தம்பி, இறக்குப்பா... இன்னும் கொஞ்சம்... ம், அப்படியே புடி." கால்சியம் வேகமாக இறங்கினால் இதயம் நின்றுவிடும். பாட்டிலை உயர்த்தினால் வேகம் கூடும், தாழ்த்தினால் குறையும். ஹைட்ராலிக்ஸ் பேப்பரில் 'ஹெட்' என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான்! அன்றைக்குத்தான் எனக்கு அது புரிந்தது.

பாட்டில் முடிவதற்குள் உடம்பு நடுங்கியது, ஏப்பம் விட்டது, சாணி போட்டது. முக்கால் மணி நேரத்தில் லட்சுமி எழுந்து நின்றது. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாமே சந்தில் முடிகிற வைத்தியம் இல்லை. 2019-ல் திருமுல்லைவாயல் மாடு ஒன்றின் வயிற்றிலிருந்து வேப்பேரியில் 52 கிலோ பிளாஸ்டிக் எடுத்தார்கள். அதற்கு ஆபரேஷன் தியேட்டர் வேண்டும். எந்த மாட்டை நிற்கும்போதே அங்கே அனுப்புவது என்று கண்டுபிடிப்பதும் இவர் வேலைதான்.

டாக்டர் டீ கூடக் குடிக்கவில்லை, தி.நகரிலிருந்து போன். கிளம்பும்போது, "சினை ஊசி போட்ட தேதியை எழுதி வைப்பா, 280 நாள் எண்ணிக்கோ. கன்னு போடற வாரம் எனக்கு முன்னாடியே சொல்லிடு" என்றார். அப்பாவுக்கு எழுதத் தெரியாது. காலண்டரில் நான்தான் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்தது ஐப்பசியில்.