சர்க்கரை வியாதிக்காரர் தட்டில் கொள்ளும் துவரையும்

ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் இன்று சர்க்கரை வியாதி பணக்காரர் வியாதியாக இல்லை. மானாவாரி நிலத்தை உழுபவர் வீட்டிலும், சிப்காட் தொழிற்சாலைக்கு ஷிப்டு வேலைக்குச் செல்பவர் வீட்டிலும் அது புகுந்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வு 2023-ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதன்படி தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 100-க்கு சுமார் 14 பேருக்கு இவ்வியாதி உள்ளது. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி நமது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் தொடங்கப்பட்டது.

மாத்திரை வாசலுக்கு வந்துவிட்டது. ஆனால் தட்டில் உள்ள களி உருண்டையின் அளவு குறையவில்லை. ஏர் ஓட்டிய காலத்தில் அந்த உருண்டை உடம்பில் செரித்துக் கரைந்தது. இன்று டிராக்டர் உழுகிறது. மொபெட்டில் வயலுக்குப் போகிறோம். உழைப்பு குறைந்தும் உருண்டை குறையாததே பெரும் தொல்லை.

கேழ்வரகு பற்றிய தவறான எண்ணம்

"அரிசியை விட்டுவிட்டேன், களிதான் சாப்பிடுகிறேன், ஆனாலும் சர்க்கரை இறங்கவில்லை" என்று பலர் சொல்லக் கேட்கிறோம். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்தும் நார்ச்சத்தும் உண்டு என்பது உண்மையே. ஆனால் 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம் என்றால், கேழ்வரகில் 72 கிராம். வித்தியாசம் மிகவும் சொற்பம். சர்க்கரையை ஏற்றுவது இந்த மாவுச்சத்துதான். எனவே தானியத்தை மாற்றினால் மட்டும் போதாது. அளவையும் குறைக்க வேண்டும்.

குறைத்தால் பசிக்குமே என்று கேட்கலாம். அந்த இடத்தை நிரப்புவதற்குத்தான் பயறு வகைகள் உள்ளன.

பயற்றிலும் மாவுச்சத்து உண்டு

பருப்பு என்றால் சர்க்கரை ஏறவே ஏறாது என்று நினைப்பதும் தவறாகும். 100 கிராம் கொள்ளில் 57 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. துவரம்பருப்பிலும் ஏறக்குறைய அதே அளவு. மொச்சையில் 60 கிராம். ஆனால் இவற்றில் புரதச்சத்து 22 முதல் 25 கிராம் வரை உள்ளது. கேழ்வரகிலும் அரிசியிலும் 7 கிராம் அளவே. மேலும் பயற்றின் மாவுச்சத்து நார்ச்சத்தோடும் புரதத்தோடும் பின்னிக் கிடப்பதால் குடலில் மெதுவாகவே செரிக்கிறது. சர்க்கரையும் மெதுவாகவே ஏறுகிறது. கனடா நாட்டு டொரன்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்சும் அவருடைய குழுவினரும் ஒவ்வோர் உணவும் இரத்தச் சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகிறது என்று அளந்து, 1981-இல் வரிசைப்படுத்தி வெளியிட்டார்கள். அந்த வரிசையில் பயறு வகைகள் கீழ்ப் பகுதியிலேயே இருந்தன.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு வேளைக் களியில் 50 கிராம் மாவைக் குறைத்தால் 36 கிராம் மாவுச்சத்து குறைகிறது. அதற்குப் பதிலாக 30 கிராம் கொள்ளு சேர்த்தால் 17 கிராம் கூடுகிறது. ஆக 19 கிராம் மிச்சம்; புரதச்சத்தோ 3 கிராம் அதிகம். ஆனால் உருண்டையைக் குறைக்காமல் சுண்டலையும் சேர்த்துச் சாப்பிட்டால் 17 கிராம் ஏறத்தான் செய்யும். களிக்குப் பதில் பயறு, களியோடு கூடுதலாக அல்ல: இதை மறக்கக் கூடாது.

மாவுச்சத்தை நாளொன்றுக்கு 50 கிராமுக்கும் கீழே கொண்டுவரும் கடுமையான உணவு முறை ஒன்றும் பேசப்படுகிறது. அதில் பயற்றுக்கே அதிக இடம் கிடையாது. அது மருத்துவர் பார்வையில் மட்டும் செய்யத் தக்கது. மிதமாகக் குறைத்து, புரதத்தைக் கூட்டுவதே நமது சமையலுக்கு ஒத்துவரும்.

மாட்டுக்குப் போகும் சத்து

கொள்ளை வேகவைத்து, தண்ணீரை வடித்துச் சாறு வைத்துவிட்டு, வெந்த கொள்ளை மாட்டுத் தொட்டியில் போடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சாறு நாவுக்கு ருசி. சத்தில் பெரும் பகுதி மாட்டுக்கு! வெந்த கொள்ளில் ஒரு பங்கையாவது சுண்டலாகவோ துவையலாகவோ தட்டுக்குக் கொண்டுவர வேண்டும். உப்புச்சாறு வைக்கும்போதும் இதே விதிதான். வடித்த பருப்பையும் கீரையையும் தாளித்துத் தாராளமாக உண்ண வேண்டும்.

முளைகட்டிய கொள்ளுக் குழம்பும், மார்கழி, தை மாதங்களில் பிதுக்கிய அவரைக் குழம்பும் நமது எல்லைப் பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் எல்லா வீட்டிலும் தெரிந்தவையே. கொள்ளு, மொச்சை போன்றவற்றை இரவே ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் வாயுத் தொல்லை குறையும். முழுப் பயறாக உண்பது, மாவாக அரைத்து உண்பதைவிட நல்லது. வெல்லம் சேர்த்த கொள்ளு உருண்டை சர்க்கரைக்காரருக்கு ஆகாது. இரவு ஷிப்டுக்குச் செல்பவர் டிபன் பாக்ஸில் பாதியாவது சுண்டலும் காயும் இருக்கட்டும்.

அளவு தெரிய, 30 கிராம் பயற்றை ஒரு முறை தராசில் நிறுத்து, ஒரு டம்ளரில் போட்டுக் கோடு கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். களி மாவுக்கும் அப்படியே.

நிலத்தில் ஒரு மூலை

ஆளுக்கு நாளொன்றுக்கு 50 கிராம் வீதம் நான்கு பேருக்கு ஆண்டுக்கு 73 கிலோ பயறு தேவை. மானாவாரியில் ஏக்கருக்கு 200 கிலோ கொள்ளு கிடைத்தாலும் 37 சென்ட் போதும். தக்காளியும் ரோஜாவும் பணம் தரலாம். இந்த 37 சென்ட் வீட்டைக் காக்கும்.

காவேரிப்பட்டணம் அருகே பையூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் பையூர் 1, பையூர் 2 என்ற கொள்ளு இரகங்களைத் தந்துள்ளது. ஏக்கருக்கு 8 கிலோ விதை போதும். ரைசோபியம் கலந்து விதைத்தால் வேர் முடிச்சுகள் நன்கு பிடிக்கும். கேழ்வரகு விதைப்போர் எட்டு வரிசைக்கு இரண்டு வரிசை துவரை இடலாம். கர்நாடகப் பக்கம் 'அக்கடி சாலு' என்று சொல்லும் பழைய முறை இதுதான். மழை ஏமாற்றினாலும் ஒன்று கைகொடுக்கும்.

அறுவடையானதும் முழுத் துவரையையும் வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு, பின்னர் கடையில் பருப்பாகக் கூடுதல் விலைக்கு வாங்குவது நஷ்டம். வீட்டுப் பங்கை முதலில் எடுத்துவைக்க வேண்டும். பல்லால் கடித்தால் 'டக்' என்று உடையும் வரை வெயிலில் காயவைத்துச் சேமித்தால் பயறு வண்டு எளிதில் பிடிக்காது.

எச்சரிக்கை

மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் களியையும் சோற்றையும் திடீரென்று குறைத்தால் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கிவிடலாம். வியர்வை, கை நடுக்கம், தலைசுற்றல் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆகவே உணவை மாற்றுமுன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் பாதித்தவர்கள் மருத்துவர் அனுமதியின்றிப் பயறு வகைகளைக் கூட்டக் கூடாது. மாத்திரையைத் தாமாக நிறுத்தவே கூடாது.

நாளைக்கே களி உருண்டையில் கால் பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் ஒரு கை சுண்டலை வைத்துப் பாருங்கள். முன்னும், சில வாரம் கழித்தும் சர்க்கரையைச் சோதித்துக் குறித்துவையுங்கள். பலன் எவ்வளவு என்று அந்தக் கணக்கே காட்டிவிடும்.