காத்தலும் மீட்டலும்: நீரிழிவுக் கண்ணோயில் லேசர் சிகிச்சையின் பயன்

நீரிழிவினால் கண் பாதிக்கப்பட்டு லேசர் சிகிச்சை பெற்றவரிடம் உறவினர் முதலில் கேட்பது, "இப்போது நன்றாகத் தெரிகிறதா?" என்பதே. அன்பினால் எழும் கேள்விதான். ஆயினும் அது பொருந்தாத அளவுகோல். அதனைக் கொண்டு அளப்பவர், பயன் தந்த சிகிச்சையையும் தோல்வி எனக் கருதி மருத்துவரைக் காண்பதை நிறுத்திவிடக்கூடும். ஆகவே, லேசரின் பயனை எவ்வாறு அளப்பது என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

விழித்திரை என்பது கண்ணின் உட்புறத்தே ஒளியை உணரும் மெல்லிய படலம். நெடுநாள் மிகுந்திருக்கும் சர்க்கரை, அதன் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. அக்கேடு பார்வையை இரு வழிகளில் தாக்குகிறது. குழாய்கள் கசிவதால், கூர்ந்த பார்வைக்குரிய நடுப்பகுதி வீங்குவது ஒன்று. குழாய்கள் அடைபடுவதால் உயிர்வளி குறைந்து, புதிய குழாய்கள் முளைப்பது மற்றொன்று. வலுவற்ற அப்புதுக் குழாய்கள் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கசியும். அவற்றோடு வளரும் தழும்பு சுருங்கி, விழித்திரையையே பிரித்துவிடவும் கூடும்.

புதுக் குழாய்கள் முளைத்த கண்ணில், நடுப்பகுதியை விடுத்து, விழித்திரையின் ஓரப்பகுதியெங்கும் நூற்றுக்கணக்கான சிறு சூட்டுப் புள்ளிகளை மருத்துவர் லேசரால் இடுகிறார். அப்பகுதியின் உயிர்வளித் தேவை குறைகிறது. புதுக் குழாய்களும் சுருங்குகின்றன. சுருங்கக் கூறின், ஓரத்தைக் கொடுத்து நடுவைக் காக்கும் முறை இது. ஆதலால் பக்கவாட்டுப் பார்வையும் இரவுப் பார்வையும் சிறிது குறைவதுண்டு.

இம்முறையால் உண்மையில் பயன் உண்டா? சிகிச்சை பெறாதிருந்தால் தம் கண் என்னவாகியிருக்கும் என்பதை எந்த நோயாளியும் காண இயலாது. 1970களில் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரும் ஆய்வு இதற்கு வழிகண்டது. 1,700க்கும் மேற்பட்டோரிடம், ஒரு கண்ணுக்கு மட்டும் ஒளிச் சிகிச்சை அளித்து, மறு கண்ணை ஒப்பீட்டுக்கு விட்டனர். இரண்டாண்டுகளில், சிகிச்சை பெறாத கண்களில் 100க்கு ஏறத்தாழ 16 கடும் பார்வையிழப்புக்கு உள்ளாயின. சிகிச்சை பெற்றவற்றில் அது ஏறத்தாழ 6 மட்டுமே. வேறுபாடு இத்துணைத் தெளிவாக இருந்ததால், 1976இல் ஆய்வின் விதியை மாற்றி, மறு கண்ணுக்கும் சிகிச்சை அளிக்க வழிவகுத்தனர்.

நடுப்பகுதி வீக்கத்தைப் பற்றிய மற்றோர் அமெரிக்க ஆய்வின் முடிவு 1985இல் வெளிவந்தது. பார்வை அட்டையில் மூன்று வரிகளோ அதற்கு மேலோ இழந்த கண்கள், மூன்றாண்டுகளில், சிகிச்சையின்றி 100க்கு 24. உடனே லேசர் பெற்றவற்றில் 12. இழப்பு பாதியாகக் குறைந்தது. ஆயினும் மூன்று வரி அளவுக்குப் பார்வை மேம்பட்ட கண்கள் மிகச் சிலவே. இவ்விரு உண்மைகளையும் சேர்த்தே நாம் படித்தல் வேண்டும். லேசரின் வெற்றி, பெரும்பாலும் நேராமற்போன இழப்பிலேயே உள்ளது.

இன்று கண்ணுக்குள் செலுத்தும் ஊசிமருந்துகள் வந்துள்ளன. நடுப்பகுதி வீக்கத்தில் அவை பலருக்குப் பார்வையை ஓரளவு மீட்டும் தருகின்றன. எனினும் அவற்றுள் பெரும்பாலானவற்றைத் திரும்பத் திரும்பச் செலுத்த வேண்டும். புதுக் குழாய்களை அடக்குவதில் லேசர் இன்றும் தன் இடத்தை இழக்கவில்லை.

காக்கும் சிகிச்சை, காப்பதற்குப் பார்வை எஞ்சியிருக்கும்போதே பெரும்பயன் தரும். இந்நோயோ தொடக்கத்தில் வலியும் தராது. பார்வையையும் மங்கச் செய்யாது. எனவே, நன்றாகத் தெரியும்போதே விழித்திரைப் படம் எடுத்துப் பார்ப்பது இன்றியமையாதது. சிங்கப்பூரின் பலதுறை மருந்தகங்களில் இவ்வசதி உண்டு. வீட்டில் நீரிழிவு உள்ள பெரியோர் இருப்பின், மாணவர்கள் கேட்கத்தக்க கேள்விகள் இரண்டு: "கண்ணை எப்போது பரிசோதித்தீர்கள்?" சிகிச்சை பெற்றவராயின், "இருக்கும் பார்வை குறையாமல் இருக்கிறதா?" இரண்டாம் கேள்விக்கு 'ஆம்' என்பதே விடையானால், அது மகிழத்தக்க செய்தி என்பதையும் அவருக்கு எடுத்துச் சொல்வோம்.