ஹெரால்டு காருக்கு கிரீஸ் வேண்டாம்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரைப் பாதுகாத்து ஓட்டுபவர்களுக்கு ஒரு தகவல்.

பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டுதான் 1961-இல் சென்னையில் தயாராகி ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆனது. 948 சிசி எஞ்சின். பானெட்டை மட்கார்டோடு சேர்த்து முன்பக்கம் சாய்த்தால் எஞ்சினும் முன் சஸ்பென்ஷனும் கைக்கு எட்டும். மெக்கானிக்குக்கு இவ்வளவு இடம் தரும் கார் அபூர்வம்.

அப்படித் திறந்ததும் முன் சக்கரத்தின் உள்பக்கம், கீழே பாருங்கள். ட்ரன்னியன் என்ற உருப்படி இருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது, சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டு அதன் மரைக்குள் சுழலும். சர்வீஸுக்கு விட்டால் மற்ற இடங்களைப் போல இங்கேயும் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். அது தவறு. கிரீஸ் இறுகி அடைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர் உள்ளே இறங்கித் தண்டின் மரை துருப்பிடிக்கும். தண்டு ஒடிந்தால் ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும், உயிருக்கே ஆபத்து. ட்ரன்னியனுக்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் வேண்டும். கிரீஸ் கன்னை நன்றாகக் கழுவி, ஆயிலை நிரப்பி, பழைய அழுக்கு வெளியேறிப் புது ஆயில் கசியும்வரை அடிக்கச் சொல்லுங்கள். மழைக்காலம் முடிந்ததும் மறுபடி ஒருமுறை.

அறுவடை நாட்களில் இன்னொரு கவனம். ரோட்டில் பரப்பிய வைக்கோல், உளுந்துச் செடிமேல் ஏறிவந்தால் வண்டியை ஓரம் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அடியில் குனிந்து பாருங்கள். சூடான சைலன்சரில் சுற்றிய வைக்கோல் தீப்பிடிக்கும். குச்சியால் உருவிவிட்டுக் கிளம்புங்கள்.