வற்றாத செம்பு

மேடை ஓரம் ஒரு செம்பு. வித்தைக்காரர் அதைக் கவிழ்க்கிறார். தண்ணீர் கொட்டுகிறது. செம்பு காலி. அவர் வேறு வித்தை காட்டப் போகிறார். திரும்பி வந்து செம்பைக் கவிழ்க்கிறார். மறுபடியும் தண்ணீர்!

இதன் பெயர் 'இந்தியாவின் நீர்'. பி.சி. சர்க்கார் இதைப் பல நாடுகளில் செய்து காட்டினார். அவர் 1913-ல் டாங்கைலில் பிறந்தவர். அந்த ஊர் இன்று வங்கதேசத்தில் இருக்கிறது.

மந்திரமா? இல்லை, தந்திரம்தான். இப்படிப்பட்ட செம்புக்கு இரண்டு சுவர்கள் உண்டு. நடுவில் தண்ணீர் ஒளிந்திருக்கும். மேலே சிறு துளை. அதை விரலால் மூடினால் காற்று நுழையாது. தண்ணீரும் வராது. விரலை எடுத்தால் தண்ணீர் செம்புக்குள் இறங்கும். இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவின் மேல்முனையை விரலால் அடைத்துத் தூக்கிப் பாருங்கள். புரியும்.

விரல் பழக நாள் பிடிக்கும். நன்றாகப் பழகிய பிறகு இன்னொரு தொல்லை. கை தானாக வேலை செய்யும். முகத்தில் சலிப்பு தெரியும். செம்பை அடுத்தடுத்துப் பத்து முறை கவிழ்த்தால் யார் பார்ப்பார்கள்? அதனால்தான் இடையிடையே வேறு வித்தைகள். கூட்டம் செம்பை மறந்திருக்கும். அந்த நேரம் பார்த்து அதை எடுக்க வேண்டும். தண்ணீரைக் கண்டு அவரும் வியக்க வேண்டும். கூட்டம் சிரித்துவிடும்.

1971 ஜனவரி 6. நிகழ்ச்சி நடத்த ஜப்பான் சென்றிருந்த சர்க்கார் அங்கேயே இறந்தார். அவர் மகன் மேடை ஏறினார்.