கம்பு சுற்ற எவ்வளவு இடம் வேண்டும்?

சிலம்பம் பழக வருபவர்கள் முதலில் கேட்பது கம்பின் விலை. அது சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்குப் பெரிய செலவுகள் நேரமும் இடமும்தான்.

வழக்கமான கம்பின் நீளம் 5.5 அடி (168 செ.மீ.). தரையில் ஊன்றினால் நெற்றிவரை வர வேண்டும் என்ற அளவின்படி, 5 அடி உயரமுள்ளவருக்கு 4.75 அடி (145 செ.மீ.) போதும். நீளத்தில் குறைவது 14 சதவீதம். ஆனால் ஒரே பருமனுள்ள கம்பை நடுவில் பிடித்துச் சுழற்றும்போது, அது தரும் எதிர்ப்பு நீளத்தின் மும்மடியைப் பொறுத்தது. அது 36 சதவீதம் குறைகிறது. நாள் முழுதும் அசெம்பிளி லைனில் வேலை செய்த மணிக்கட்டுக்கு இந்த முக்கால் அடி பெரிய விஷயம்.

விநாடிக்கு ஒரு சுற்று என்றால், நடுப்பிடியில் 4.75 அடிக் கம்பின் நுனி மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் வருகிறது. மூன்றில் ஒரு பங்கில் பிடித்தால் நீண்ட பக்கத்து நுனி 22 கி.மீ. புதிதாகப் பழகுபவர் சில வாரங்கள் நடுப்பிடியிலேயே இருப்பது நல்லது, கணுக்கால் தப்பும்.

வாரத்தில் 168 மணி நேரம். வேலைக்கு 48, தூக்கத்துக்கு 56 போனால் மிச்சம் 64. கம்பெனி பஸ்ஸில் நாளுக்கு 2 மணி நேரம் வீதம் 6 நாளுக்கு 12 கழித்தால் 52. தினம் அரை மணி வீதம் 6 நாள் பயிற்சி என்றால் 3 மணி நேரம், அதாவது 5.8 சதவீதம். கடினம்தான், ஆனால் முடியும்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அந்தப் போட்டிகள் 18 வயதுக்குட்பட்டோருக்கானவை. வேலைக்கு வந்தபின் கம்பெடுப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பழக ஓர் இடமாவது வேண்டும்.

இதே தொழிற்பகுதியில் உள்ள வல்லம் வடகாலில், தொழிற்சாலைப் பெண்களுக்காக 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் மகளிர் விடுதி 20 ஏக்கரில் 18,720 பேருக்கானது. கட்டுமானச் செலவு 706.50 கோடி ரூபாய்; தலைக்கு சுமார் 3.77 லட்சம். அறைக்கு 6 பேர். கையை உயர்த்தித் தலைக்குமேல் கம்பைச் செங்குத்தாகச் சுழற்றினால் நுனி 8.5 அடியைத் தாண்டும். மின்விசிறி தொங்கும் அறைக்குள் அது நடக்காது.

வெளியே, அதே 4.75 அடிக் கம்பின் ஒரு முனையைப் பிடித்துக் கையை நீட்டினால் ஆரம் 6.75 அடி. ஒருவருக்கு 13.5 அடிச் சதுரம், அதாவது 182 சதுர அடி ஒதுக்கலாம். விடுதியில் 1 சதவீதம் பேர், அதாவது 187 பேர் பழக வந்து, மூன்று ஷிஃப்டாகப் பிரிந்தால் ஒரு நேரத்தில் 62 பேர். தேவை சுமார் 11,300 சதுர அடி: கால் ஏக்கருக்குச் சற்று மேல், 20 ஏக்கரில் 1.3 சதவீதம். இரவு ஷிஃப்டுக்கு முன் பழகுபவர்களுக்காக விளக்குகளும் வேண்டும். இனி வரும் விடுதிகளின் வரைபடத்தில் இதற்கு இடம் விட வேண்டும்.