உங்களுக்குத் தெரியுமா? அங்கி போட்ட சதுரங்கப் புலிகள்!

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம். மறுநாள் செக்மேட்! விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் இப்படி ஒரு பாதிரியார் பட்டாளமே இருந்தது. கடம்பூர் போளி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கடைசி வாய்க்குள் அசந்துபோவீர்கள்!

1858. லண்டன். ஒரு பக்கம் பால் மார்ஃபி. அமெரிக்கர், வயது 21, அந்தக் காலத்தில் அவரை அடிக்க ஆளே கிடையாது. எதிர்ப்பக்கம் ஜான் ஓவன் என்ற பாதிரியார். நம்ம திருநெல்வேலிப் பக்கம் கால்டுவெல் ஐயர், போப் ஐயர் என்று சொல்கிறோமே, அந்தக் கணக்கில் இவர் ஓவன் ஐயர்! ராணிப் பக்கத்துக் குதிரைக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினார். பெரிய ஆட்டக்காரர்கள் மதிக்காத தொடக்கம் அது. ஜெயித்தது யார்? ஐயர்தான்!

அந்த ஒற்றைக் கட்டத் தொடக்கத்துக்கு இன்றைக்கும் 'ஓவன் டிஃபென்ஸ்' என்றுதான் பெயர். 160 வருஷம் தாண்டியும் மாறவில்லை!

மார்ஃபி சும்மா விட்டாரா? தன் பக்கம் ஒரு சிப்பாயை எடுத்து வைத்துவிட்டு, முதல் நகர்த்தலையும் ஓவனுக்கே கொடுத்து, ஒரு தொடர் ஆடினார். மொத்தம் 7 ஆட்டம். 2 டிரா. ஓவன் ஜெயித்தது? பூஜ்யம்!

ஆனாலும் ஓவன் ஓயவில்லை. 1862 லண்டன் சர்வதேசப் போட்டியில் முதல் பரிசு ஜெர்மனியின் ஆண்டர்சனுக்கு. அந்த ஆண்டர்சனையே ஒரு ஆட்டத்தில் சாய்த்தவர் இந்தப் பாதிரியார்! அவருக்கு 3-ம் இடம். பின்னாளில் முதல் உலக சாம்பியன் ஆன ஸ்டைனிட்ஸ் அதே போட்டியில் எத்தனையாவது? 6-வது!

அதே 1862-ல்தான் ஹூட்டன் என்ற ஊர்ச் சபைக்குக் குருவானவராகப் போய்ச் சேர்ந்தார் ஓவன். 1900 வரை அங்கேயேதான். 38 வருஷம், ஒரே ஊர்!

ஜார்ஜ் மெக்டானல். இன்னொரு பாதிரியார், இன்னொரு புலி. பத்திரிகையில் சதுரங்கப் பத்தி எழுதினார். புனைபெயர் என்ன தெரியுமா? 'மார்ஸ்'. ரோமானியர்களின் போர்க் கடவுள்! பாதிரியாருக்கு வந்த தைரியத்தைப் பாருங்கள்!

நம்ம கரிசல் காட்டுக்கு வருவோம். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் 4-ம் இடம் பிடித்த ராக்லண்ட் ஐயர், 1854 முதல் சிவகாசிச் சுற்றுவட்டாரத்தில் கூடாரம் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். ஓவன் மார்ஃபியை ஜெயித்த அதே 1858-ல் சிவகாசியில்தான் கண்ணை மூடினார். கணக்கில் புலி. காய் நகர்த்தியதாகத்தான் சேதி இல்லை!

ஆனால் காய் நகர்த்திய பாதிரியார் ஒருவர் நம் நாட்டிலேயே இருந்தார். இதுதான் என் பொக்கிஷம். நிதானமாகப் படியுங்கள்!

பெயர் ஹென்றி அகஸ்டஸ் லவ்டே. டெல்லியில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்குப் பாதிரியார். ஒரு சதுரங்கப் புதிர் கட்டினார். நாலே நகர்த்தலில் செக்மேட் செய்ய வேண்டும். கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1845 பிப்ரவரியில் ஸ்டாண்டன் நடத்திய சதுரங்கப் பத்திரிகையில் அச்சானது.

இந்தியாவில் பயணிகள் ரயிலே ஓடாத காலம் அது! முதல் பயணிகள் ரயில் வர இன்னும் 8 வருஷம். மதுரை, தூத்துக்குடிப் பாதையில் ரயில் ஓடி நம்ம கடம்பூர் அதைப் பார்க்க இன்னும் 31 வருஷம்!

தன் பெயரைப் போட்டுக்கொண்டாரா? இல்லை. 'ஷாகிர்த்' என்று கையெழுத்துப் போட்டார். உருதுவில் அதற்குச் 'சீடன்' என்று அர்த்தம். இங்கிலாந்தையே மண்டை காய வைத்தவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர், சீடன்!

விடையைக் கடம்பூர் ஸ்டேஷன் பெஞ்சில் வைத்துத்தான் போட்டுப் பார்த்தேன். பாசஞ்சர் வண்டி வரவில்லை. காந்தப் பலகையை மடியில் விரித்தேன். வெள்ளை மந்திரி பலகையின் வலது ஓரத்தில் நிற்கிறது. முதல் நகர்த்தலே ஓட்டம்! கோணலாக வழுக்கி, அடி வரிசைக்குப் போய் ஒண்டிக்கொள்கிறது. எதிரியை விட்டு இவ்வளவு தூரமா? ஆமாம்!

அடுத்து வெள்ளை ராஜா ஒரு கட்டம் சும்மா நகர்கிறார். அதற்கடுத்து யானை வந்து அந்த மந்திரியின் மூக்குக்கு முன்னாலேயே நிற்கிறது. தன் மந்திரியின் பாதையைத் தானே அடைக்கிறது! பைத்தியக்காரத்தனம் போலத் தெரியும். ஏன் அடைக்க வேண்டும்? அடைக்காவிட்டால் கறுப்பு ராஜாவுக்கு அசையவே இடம் இருக்காது. ஸ்டேல்மேட்! ஆட்டம் டிரா!

பாதை அடைபட்டதும் கறுப்பு ராஜாவுக்கு ஒரே ஒரு கட்டம் திறக்கிறது. பாவம், காலடி எடுத்து வைக்கிறார். அவ்வளவுதான். யானை இரண்டு கட்டம் மேலே ஏறுகிறது. யானையும் செக் சொல்கிறது, பின்னால் ஒண்டியிருந்த மந்திரியும் செக் சொல்கிறது. ஒரே நகர்த்தல், இரண்டு செக், ஆட்டம் முடிந்தது! மூன்றாவது தடவை போட்டுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. கையில் இருந்த போளியை மறந்துவிட்டேன்!

இன்னொன்று! நாம் மந்திரி என்கிற அந்தக் காய்க்கு இங்கிலீஷ்காரர்கள் வைத்த பெயர் பிஷப். பாதிரியார் கட்டிய புதிரில் போய் ஒளிந்துகொள்வது யார்? பிஷப்!

இந்தப் புதிருக்கு உலகம் வைத்த பெயர் 'இந்தியப் புதிர்'. 1903-ல் கோட்ஸ், கோக்கல்கார்ன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் அந்தப் பெயரிலேயே ஒரு புத்தகம் போட்டார்கள். ஒரே ஒரு புதிரிலிருந்து கிளம்பி ஒரு முழுப் புத்தகம்!

லவ்டே இறந்தது 1848-ல். புதிர் வெளியாகி மூன்றே வருஷம்!

அதே காலத்தில் கல்கத்தா பக்கம் மகேஷ்சந்திர பானர்ஜி என்ற வங்காளி, காக்ரேன் என்ற வெள்ளைக்கார வக்கீலோடு ஆட்டம் ஆட்டமாக மோதினார். 1855-ல் பானர்ஜி ஆடிய ஒரு தொடக்கத்துக்கு இன்றைய பெயர் 'கிரன்ஃபெல்டு டிஃபென்ஸ்'. அந்தக் கிரன்ஃபெல்டு பிறந்ததே 1893-ல். பெயருக்குச் சொந்தக்காரர் பிறப்பதற்கு 38 வருஷம் முன்னாலேயே நம்ம ஆள் ஆடிவிட்டார்!

கடைசியாக ஒரு துறவி. ஃபெர்னாண்டோ சாவேத்ரா. ஸ்பெயின் நாட்டுக்காரர், இருந்தது கிளாஸ்கோவில். 1895-ல் அந்த ஊர்ப் பத்திரிகையில் ஒரு ஆட்ட முடிவு வந்தது. வெள்ளைக்கு டிராதான் என்று போட்டிருந்தார்கள். 'இல்லை, வெள்ளை ஜெயிக்கும்' என்றார் சாவேத்ரா!

எப்படி? கடைசி வரிசையைத் தொட்ட சிப்பாய்க்கு எல்லோரும் ராணிப் பட்டம்தான் கட்டுவார்கள். இங்கே ராணி ஆக்கினால் கறுப்பு தன் யானையையே பலி கொடுத்து ஸ்டேல்மேட்டுக்குத் தப்பிவிடும். ஆகவே சாவேத்ரா ராணியை வேண்டாம் என்றார். சிப்பாயை யானை ஆக்கினார். வெற்றி!

இவர் பெரிய போட்டி எதையும் ஜெயித்தவர் இல்லை. ஆனாலும் அந்த ஆட்ட முடிவு இன்றைக்கும் சதுரங்கப் புத்தகங்களில் இவர் பெயரில்தான் இருக்கிறது. ஒரே ஒரு சிப்பாய். ஒரே ஒரு நகர்த்தல்!